நின்னதா, நிறுத்தினதா?

பழைய கார்கள் விற்கும் அந்தத் திடலில் அவருக்குக் ‘கேரண்டி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கேட்டுக்கொண்டு யாராவது வந்தால் திடலில் உள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, “அப்படி இங்க யாரும் இல்லையே” என்று சத்தியம் செய்வார்கள். கேரண்டி என்று கேட்டால் தூங்குகிறவன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவான்.

கேரண்டி வண்டி விற்கிற அழகே தனி. மற்ற தரகர்கள் ஆள் வந்ததும் கதவைத் திறந்து காட்டுவார்கள், டயரை எட்டி உதைப்பார்கள், சீட்டைத் தட்டுவார்கள். இவர் எதையும் தொடமாட்டார். ஒரு கைக்குட்டையை விரித்து வண்டியின் முன்மூக்கில் போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் தறியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

“அண்ணே, இந்த டொயோட்டாவைச் செஞ்சவங்க மொதல்ல கார்க்காரங்களே இல்ல. தறிக்காரங்க. துணி நெய்யற தறி. வீட்ல அம்மா ராப்பகலா தறியில குனிஞ்சு கெடக்கறதைப் பார்த்துட்டு, அந்த மனுஷன் ஒரு தறி செஞ்சாரு. அதுல என்ன விசேஷம்னு கேளுங்க.”

வந்தவர் கேட்கமாட்டார். அதனால் ஒன்றும் மோசமில்லை.

“அத்தனை நூல் ஓடிக்கிட்டு இருக்கு. அதுல ஒண்ணே ஒண்ணு அறுந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. மத்த தறியெல்லாம் என்ன பண்ணும்? அறுந்தது தெரியாம கடகடன்னு நெய்ஞ்சு தள்ளிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் துணியை விரிச்சா ஒரே ஓட்டை. இவரு தறி அப்படி இல்ல. நூல் அறுந்துச்சா, தானா நின்னுடும். ‘ஐயா, இங்க ஒரு தப்பு இருக்கு, வந்து பாரு’ன்னு நிக்கும். அந்தத் தறியோட உரிமையை வெளிநாட்டுக்காரனுக்கு வித்துட்டு, அந்தப் பணத்தை மகன் கையில கொடுத்து, ‘நீ கார் செய்டா’ன்னு சொன்னதாச் சொல்வாங்க. குடும்பப் பேரு டொயோடா. கம்பெனிக்கு டொயோட்டான்னு மாத்துனாங்க. ஏன்? அப்படி எழுதினா அவங்க எழுத்துல எட்டுக் கோடு வருமாம். எட்டு ராசியாம். சொந்தப் பேருலயே பேரம் பேசினவங்கண்ணே! அவங்க செஞ்ச வண்டிகிட்ட நீங்க என்ன பேரம் பேசப் போறீங்க?”

இதற்குள் வந்தவர் பாதி விழுந்திருப்பார். மீதியையும் விழ வைக்க ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லும்போது கேரண்டி கைக்குட்டையை எடுத்து உதறி மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்.

“இது நின்னா, என் வீட்ல நிக்கிறதைக் கொண்டு போ.”

வீட்டில் நின்றது அவருடைய வண்டி அல்ல. அவருடைய மனைவியின் வண்டி.

ஊரில் அவளை எல்லோரும் டீச்சர் என்றார்கள். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். வெள்ளைக் கொரோலா, கூரைமேல் ‘பயிற்சி’ என்று ஒரு பலகை, டீச்சர் உட்காரும் பக்கத்தில் தனியாக ஒரு பிரேக் மிதி. அந்த வண்டியின் கிளட்சை மிதிக்காத பெண்ணே அந்தப் பக்கத்தில் இல்லை என்று சொல்லலாம். மிதித்தார்கள் என்பதுகூட மரியாதையான வார்த்தை. கடித்தார்கள், துப்பினார்கள், கியரை மாவு அரைப்பதுபோல் அரைத்தார்கள். வண்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். “என் பொறுமையில பாதி இதுகிட்ட கத்துக்கிட்டது” என்பாள் டீச்சர்.

பாதிதான். மீதிப் பாதி கணவரிடம் கற்றது.

“என் வண்டியை வெச்சு ஊர்ல பந்தயம் கட்டறீங்களாமே?” என்று அவள் கேட்டதுண்டு.

“நின்னாத்தானே கொடுக்கணும்? நிக்கவே நிக்காது.”

“நின்னா?”

“டீச்சர், நீ பாடம் மட்டும் நடத்து. யாவாரத்தை எங்கிட்ட விடு.”

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊரில் பாதிக் கார்களைக் கைமாற்றிவிட்ட கேரண்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. “மிட்டாய்க்கடைக்காரன் இனிப்பு தின்பானா?” என்று ஒரு நியாயம் வைத்திருந்தார்.

*

அன்று காலை தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் நர்ஸம்மாவை உட்கார வைத்து ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா டீச்சரைவிட மூத்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிற நேரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். ஊசி போடும்போது கண்ணிமைக்காதவள், ஸ்டீயரிங்கைத் தொட்டால் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆஜர் என்பது டீச்சரின் முறை. சாவியை முதல் திருப்புத் திருப்பினால் எஞ்சின் ஓடாது. டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரியும். அப்போது பள்ளியில் பேர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். அதன்பிறகுதான் ஸ்டார்ட்.

“பேட்டரி?”

“ஆஜர்.”

“பிரேக்?”

“ஆஜர்.”

“எண்ணெய்?”

“ஆஜர். டீச்சர், அந்தச் செவப்பு விளக்கைப் பார்த்தாலே எனக்கு எமர்ஜென்சி வார்டு ஞாபகம் வருது.”

“இப்ப எரியட்டும் நர்ஸம்மா. ஓடும்போது எரிஞ்சா ஓரமா நிறுத்திடணும். இப்ப எரியலைன்னா வண்டியையே எடுக்கக் கூடாது. லீவு போட்ட விளக்குதான் ஆபத்து.”

அப்போதுதான் ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் இரண்டு பைகள் நிறைய ரொட்டி, மேலே பிளாஸ்டிக் தாள். புருவத்தில் மாவு, மாவின்மேல் மழைத்துளி. அவர் பேசுகிற ஆள் இல்லை. அடுப்போடும் மாவோடும் பழகியவர். இரண்டுமே பதில் பேசாது. கேரண்டியிடம் நீலநிறக் கொரோலா ஒன்றை வாங்கி, அதிகாலையில் கடைகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

கேரண்டி வாசலில் நின்று ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அதுவும் இவர் சுட்ட ரொட்டிதான்.

“அண்ணே,” என்றார் ரொட்டிக்காரர். “நின்னுடுச்சு.”

கேரண்டியின் வாயில் இருந்த ரொட்டி இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் நின்றது.

“எது?”

“வண்டி. நேத்துக் காலையில. உங்க வார்த்தைப்படி வீட்ல நிக்கிறதை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

இதில் கோபம் இல்லை, கேலி இல்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோல் கேட்டார். அதுதான் டீச்சரைப் பயமுறுத்தியது. சத்தம் போடுகிறவனைச் சமாளிக்கலாம். இந்த மனிதர் ஒரு வாக்கியத்தைக் கேட்டு, நம்பி, மாவு பிசைகிற கையோடு வீட்டுக்குக் கொண்டு போய்ப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கேரண்டி டீயை ஒரே மூச்சில் குடித்து ரொட்டியை இறக்கினார். “எப்படி நின்னுச்சு? நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.”

“ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. திடீர்னு உள்ள டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். பயந்துட்டேன். ஓரமா நிறுத்திட்டேன்.”

“என்ன பண்ணீங்க?”

“நிறுத்திட்டேன்.”

கேரண்டியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “நர்ஸம்மா, நீங்க சாட்சி. என்ன சொன்னாரு? நின்னுச்சுன்னு சொன்னாரா, நிறுத்திட்டேன்னு சொன்னாரா?”

“என்னை ஏங்க இழுக்கறீங்க?” என்றாள் நர்ஸம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே. வண்டி ஓடவில்லை என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

“நான் சொன்ன வார்த்தை என்ன? ‘நின்னா.’ வண்டி தானா நிக்கறது வேற, ஆள் நிறுத்தறது வேற. பஸ்ஸை டிரைவர் நிறுத்தினா பஸ் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா?”

“நான் நிறுத்தலைன்னா அதுவா நின்னிருக்கும்ணே.”

“இருக்கும்! ‘நின்னிருக்கும்’ வேற, ‘நின்னுச்சு’ வேற. நான் ‘நின்னா’ன்னு சொன்னேன். ‘நின்னிருக்கும்னு தோணினா’ன்னு சொல்லலையே?”

ரொட்டிக்காரர் யோசித்தார். புருவத்து மாவு கரைந்து கன்னத்தில் வழிந்தது. “எனக்கு இலக்கணம் தெரியாதுண்ணே. ரொட்டி ரோட்ல நின்னுச்சு. அது தெரியும்.”

வேறு நாளாக இருந்தால் டீச்சர் சிரித்திருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு எழுத்தைத் தூக்கி இந்தப் பக்கம் வைப்பதையும் அந்தப் பக்கம் வைப்பதையும் பார்த்து ரசித்தவள்தான். காய்கறி வாங்கப் போனால் கடைக்காரனே கை தட்டுவான். ஆனால் இன்று அந்த எழுத்தின் நுனியில் தொங்குவது அவளுடைய வண்டி. அந்த வண்டி போனால் பலகை போகும், பலகை போனால் டீச்சர் என்கிற பெயர் போகும். கேரண்டியின் மனைவி என்பதுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“வண்டி இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“மெக்கானிக் ஷெட்ல. அடியில ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்காரு. இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்னாரு. எஞ்சின் பொழைக்குமான்னு அப்பத்தான் தெரியுமாம்.”

“ஏறுங்க. பார்த்துட்டுப் பேசுவோம். நர்ஸம்மா, இன்னைக்குப் பாடம் மெக்கானிக் ஷெட் வரைக்கும்.”

“இவங்களையும் ஏத்திக்கிட்டா?” நர்ஸம்மாவின் குரல் உயர்ந்தது. “ஆள் ஏறினா எனக்கு ஓட்ட வராது.”

“ஆஸ்பத்திரியில நோயாளி இல்லாமலா வேலை பாத்தீங்க? எடுங்க.”

பின்சீட்டில் கேரண்டியும் ரொட்டிக்காரரும் மடியில் ஆளுக்கொரு ரொட்டிப்பையோடு உட்கார்ந்தார்கள். முதல் கியரில் வண்டி ஒரு குதி குதித்தது. இரண்டாவதில் ஒரு முனகு முனகியது. மூன்றாவது கியரை நர்ஸம்மா தேடியபோது எழுந்த சத்தத்தில் ரொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பார்த்தீங்களா?” என்றார் கேரண்டி, பையைக் கட்டிப்பிடித்தபடி. “இவ்வளவு அடி வாங்கியும் மூச்சு விடல. இதுதாண்ணே அந்தக் கம்பெனி.”

“அதனாலதாண்ணே இதைக் கேக்கறேன்,” என்றார் ரொட்டிக்காரர்.

*

மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. நீல வண்டியை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார்கள். மெக்கானிக் அதன் அடியில் கிடந்தார். வெளியே தெரிந்தது செருப்பில்லாத இரண்டு பாதங்கள் மட்டும். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் டாக்ஸிக்காரர் ஒருவர் தன் வண்டிக்கு ஆயில் மாற்ற முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டு, கேட்காமலே வழக்கில் சேர்ந்துகொண்டார்.

“கல்லு அடிச்சிருக்குக்கா,” என்றது அடியிலிருந்து குரல். “ஆயில் சட்டியில விரிசல். ஆயில் மொத்தமும் ரோட்ல போயிருச்சு. வேற கம்பெனி வண்டின்னா அந்த டொக்கு சத்தம் கேட்டப்பவே முடிஞ்சிருக்கும். அண்ணன் ஒடனே நிறுத்தினதால ஒரு நம்பிக்கை இருக்கு.”

“நிறுத்தினதால!” என்றார் கேரண்டி. “மெக்கானிக்கே சொல்லிட்டாரு.”

“கல்லு எங்க இருந்துச்சு?” என்று டாக்ஸிக்காரர் விசாரித்தார்.

“எங்க பேக்கரி சந்துல,” என்றார் ரொட்டிக்காரர், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போல. “இருட்டுல ஏத்திட்டேன்.”

“கல்லுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? என் வண்டியைப் பாருங்க.” டாக்ஸிக்காரர் மழையில் நின்ற தன் காரைச் சுட்டினார். கதவுகள் ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம். “இதுவும் டொயோட்டாதான். என் பொண்ணு பொறந்தப்போ வாங்கினேன். இப்ப அவளுக்கே பொண்ணு இருக்கு. நடுவுல ஒரு வண்டி ஆசைப்பட்டு வாங்கினேன், பேரு வேணாம், பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். சாமான் வாங்கியே மாமனார் ஆயிட்டேன். அதைத் தள்ளிவிட்டுட்டு இதுக்கே திரும்பி வந்தேன். ஒரு வார்த்தை கேக்கல. வா, ஏறுன்னுச்சு.”

“குறையே இல்லையா?” என்று டீச்சர் கேட்டாள்.

“இருக்கே! சீட்டு பலகை மாதிரி. ஏசி எங்க வீட்டுக்காரி மாதிரி, கெஞ்சினாத்தான் குளிரும். பார்க்க ஒரு லட்சணம் கிடையாது. ஆனா காலையில சாவியைப் போட்டா, ‘நேத்து நான் உன்கிட்ட என்ன பேசினேன்’னு கணக்கு வெச்சுக்காம கிளம்புது பாருங்க, அது மனுஷங்ககிட்டயே இல்லாத குணம்.”

கேரண்டிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையைத் தேடினார். “அதாண்ணே! தறிக்காரங்க ரத்தம். நூல் அறுந்தா—”

“அந்தக் கதையில ஒரு பாதியை விட்டுட்டுத்தான் எப்பவும் சொல்றாரு,” என்றது அடியிலிருந்து குரல். மெக்கானிக் வெளியே உருண்டு வந்து எழுந்து, கையைத் துணியில் துடைத்தார். “மொதமொதல்ல அவங்க செஞ்ச லாரிங்க இருக்கே, வழியில படுத்துக்கும். அதைச் சொல்லவே மாட்டீங்களே?”

“யாவாரத்துல அதெல்லாம் எதுக்குப்பா?”

“அதுதான்ணே யாவாரமே. நின்ன எடத்துக்கெல்லாம் கம்பெனி ஆளுங்களே போனாங்களாம். எங்க ஒடஞ்சுது, ஏன் ஒடஞ்சுதுன்னு பார்த்துப் பார்த்துத் திருத்தினாங்க. பின்னாடி ஃபேக்டரியில ஒரு கயிறு கட்டி வெச்சாங்க. வேலை செய்யற யாரு கண்ணுல தப்பு பட்டாலும் இழுக்கலாம். இழுத்தா மொத்த வரிசையும் நிக்கும். மேனேஜர் வந்து ‘ஏண்டா இழுத்த’ன்னு அடிக்க மாட்டாரு. ‘எங்க தப்பு, காட்டு’ன்னுதான் கேப்பாரு. நிறுத்தத் தெரிஞ்சதாலதான் இன்னைக்கு நிக்காம ஓடுது.”

“நிறுத்த!” என்று கேரண்டி விரலை உயர்த்தினார். அவருக்கு வேண்டிய சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மழையில் விட்டுவிட்டார்.

மெக்கானிக் முட்டுக்கட்டையை எடுத்து வண்டியை இறக்கி, புது ஆயில் ஊற்றி, அளவுக்குச்சியை இழுத்துப் பார்த்தார். “அக்கா, நீங்க உக்காந்து சாவி போடுங்க. நான் கீழ ஒழுகுதான்னு பார்க்கறேன். மெதுவா.”

டீச்சர் ஏறி உட்கார்ந்தாள். உள்ளே ரொட்டி வாசனை. இவ்வளவு நாள் அந்த வண்டியை ஊரில் பார்த்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. ஆனால் எல்லாம் அவள் வண்டியில் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் கியர் கையில் வந்தது. அக்கா வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பா எங்கிருக்கும் என்று தெரிவதுபோல.

சாவியை முதல் திருப்புத் திருப்பினாள். உதடு தானாகவே முணுமுணுத்தது.

பேட்டரி ஆஜர். பிரேக் ஆஜர். எண்ணெய்...

எண்ணெய் வரவில்லை.

சாவியை அணைத்து மறுபடியும் திருப்பினாள். பேட்டரி வந்தது. பிரேக் வந்தது. எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில், மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் காலி பெஞ்சுபோல, ஒரு கறுப்பு.

தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்ஸிக்காரர் வாயில் ரொட்டியோடு. நர்ஸம்மா நாடி பிடிக்கிற முகத்தோடு. ரொட்டிக்காரர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு. கேரண்டி மட்டும் கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேரம் பேசியே காலம் தள்ளிய மனிதர்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

“என்னக்கா, போடலாமா?” என்றது கீழே குரல்.

டீச்சர் சாவியை முழுதாகத் திருப்பினாள். எஞ்சின் ஒரு முறை இருமியது. இரண்டாவது முறை தொண்டையைச் சரிசெய்துகொண்டது. பிறகு, யாரோ எழுப்பி உட்கார வைத்த மாதிரி, நிதானமாக ஓட ஆரம்பித்தது. டொக்கும் இல்லை, டக்கும் இல்லை. தகரக் கூரையில் விழுந்த மழைதான் அதைவிடச் சத்தமாக இருந்தது.

“ஒரு சொட்டு ஒழுகல!” என்று மெக்கானிக் கத்தினார். “எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு!”

டாக்ஸிக்காரர் தொடையைத் தட்டினார். “நான் சொன்னேன்ல!”

கேரண்டிக்குப் போன உயிர் வட்டியோடு வந்தது. “நின்னு பேசுது பாருங்க! ஆயிலே இல்லாம ஓடியும் நின்னு பேசுது! இப்ப சொல்லுங்கண்ணே, நின்னதா, நிறுத்தினதா?”

ரொட்டிக்காரர் எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். அடுப்பின் சூட்டைப் புறங்கையால் அளப்பவர்போல எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

“நிறுத்தினதுதான்,” என்றார். “கல்லு மேல ஏத்தினதும் நான்தான். டீச்சரம்மா, காலங்காத்தால உங்க வீட்டு வாசல்ல வந்து வண்டியைக் கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளை வண்டி பிழைத்தது. டீச்சர் செய்ய வேண்டியதெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, ‘அதனால என்னங்க’ என்று சொல்வது மட்டும்தான். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தும்விட்டது. இறங்கினாள். ரொட்டிக்காரரின் கன்னத்தில் காய்ந்துபோன மாவுக்கோட்டைப் பார்த்தாள். இந்த மனிதர் நாளைக் காலையிலும் இதே சந்தில், இதே இருட்டில், இதே வண்டியில் போவார். மறுபடி ஆயில் போனால் வண்டி சொல்லும். எப்படிச் சொல்லும்? சொல்ல வேண்டிய வாயைப் பிடுங்கி வைத்திருக்கிறதே!

“எண்ணெய் ஆஜர் ஆகல,” என்றாள்.

நர்ஸம்மா ஒருத்திக்குத்தான் அது உடனே புரிந்தது. “ஐயையோ, லீவா?”

“மெக்கானிக் தம்பி, டாஷ்போர்டுக்குப் பின்னால கொஞ்சம் கையை விட்டுப் பாருங்க. எண்ணெய் விளக்குல பல்பு இருக்கா?”

“ஏய், அதெல்லாம் எதுக்கு இப்ப? ஓடுதுல்ல?” என்றார் கேரண்டி. சொல்லும்போதே குரல் பாதியில் கீழே இறங்கியது.

மெக்கானிக் குனிந்து, கழற்றி, கையை விட்டுத் துழாவினார். “இல்லக்கா. கழண்டு விழல. கழட்டி எடுத்திருக்காங்க.”

எஞ்சின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“எலி,” என்றார் கேரண்டி கடைசியில்.

“எலியா பல்பைக் கழட்டுச்சு?”

“எலி வயரைக் கடிச்சுடுச்சு டீச்சர். அதனால அந்த விளக்கு சும்மாவே மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஆயில் நல்லாத்தான் இருந்துச்சு, அந்த விளக்குதான் பொய் சொல்லிச்சு. மறுநாள் வயரை மாத்திடலாம்னு இருந்தேன். அண்ணன் அன்னைக்கே வந்துட்டாரு. வர்றவர் பயந்துடக் கூடாதேன்னு... அப்புறம் மறந்தே போயிட்டேன். இல்ல...” அவர் ரொட்டிக்காரரைப் பார்த்தார். “மறக்கல. வண்டி நல்லா ஓடுச்சு, விட்டுட்டேன்.”

“நூல் அறுந்தா தறி தானா நிக்கும்னு ஊருக்கெல்லாம் கதை சொன்னீங்களே,” என்றாள் டீச்சர். அவள் குரலை உயர்த்தவில்லை. பிரேக்கை மிதிக்கிற நிதானம் அதில் இருந்தது. “அறுந்த நூலைப் பார்க்கற கண்ணை நீங்களே பிடுங்கிட்டீங்க. அவங்க யாரு வேணும்னாலும் இழுக்கலாம்னு கயிறு கட்டினாங்க. நீங்க கயித்தை அறுத்துட்டு, ‘பாருங்க, யாருமே இழுக்கல’ன்னு வித்திருக்கீங்க.”

டாக்ஸிக்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். கேரண்டியின் முகத்தில் அசடு வழியக்கூட இடமில்லை. அவருக்கு எந்த எழுத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியவில்லை.

டீச்சர் தன் கைப்பையிலிருந்து வெள்ளை வண்டியின் சாவியை எடுத்தாள். அதில் ஒரு சின்ன விசில் கோத்திருந்தது. முதல் மாணவி வாங்கித் தந்தது. விசிலைக் கழற்றிக்கொண்டு சாவியை நீட்டினாள்.

“டீச்சரம்மா, வேணாம்,” என்றார் ரொட்டிக்காரர். “பல்பு மாட்டினா சரியாப் போச்சு.”

“பல்பு மாட்டினா வண்டி சரியாப் போகும். வார்த்தை?”

“அது அண்ணன் சொன்ன வார்த்தை. வண்டி உங்களோடது.”

“என் வண்டியை வெச்சு அவர் சொன்னப்போ நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்ல? அப்ப எனக்கும் பங்கு உண்டு. புடிங்க. நீங்க இதை வாங்கலைன்னா நாளைலேர்ந்து இவர் திடல்ல என்ன சொன்னாலும் எனக்கே சிரிப்பு வரும். உங்க வண்டியை எனக்குக் கொடுங்க. என் பிரேக் மிதியை அதுல மாத்திக்கறேன்.”

ரொட்டிக்காரர் கேரண்டியைப் பார்த்தார். கேரண்டி தலையை ஆட்டினார்.

சாவியைக் கொடுத்த பிறகு டீச்சர் வெள்ளை வண்டியில் ஒரு முறை ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கின் மேற்பக்கம் எத்தனையோ பயந்த கைகள் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது. “சாவியைக் கொடுங்க, ஒரு நிமிஷம்,” என்று வாங்கி முதல் திருப்புத் திருப்பினாள். எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர்கூட லீவு இல்லை. அணைத்துவிட்டு இறங்கி, கூரைமேல் இருந்த பலகையை அவளே கழற்றினாள். உதவிக்கு வந்த கேரண்டியின் கையைத் தட்டிவிடவில்லை. பிடிக்கவும் விடவில்லை.

*

கேரண்டி இனி திடல்பக்கம் தலைகாட்ட முடியாது என்று டாக்ஸிக்காரர் ஊர் முழுக்கச் சொன்னார். அவர் சொன்ன கதையைக் கேட்டுத்தான் திடலில் கூட்டம் சேர்ந்தது. ‘சொன்ன வார்த்தைக்காகப் பெண்டாட்டி வண்டியையே தூக்கிக் கொடுத்தவர்’ என்று பேச்சு. பல்பு விஷயம் வழியிலேயே எங்கோ கழன்று விழுந்துவிட்டது. உலகம் அப்படித்தான், நல்ல கதையில் இடிக்கிற இடத்தைத் தானே வழித்து விட்டுவிடும்.

கேரண்டி வாயைத் திறந்து அதைத் திரும்ப மாட்டினார். வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சாவியை ஒரு திருப்புத் திருப்பி, விளக்குகளைப் பேர் சொல்லிக் கூப்பிட வைத்தார். “ஏன்னா, நான் ஒருதரம் பல்பைக் கழட்டினவன்” என்று ஆரம்பித்துக் கதையைச் சொன்னார். அதுவும் ஒரு யாவாரத் தந்திரம்தான் என்று மற்றத் தரகர்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். பழைய வாக்கியத்தை மட்டும் அவர் சொல்வதில்லை. கைக்குட்டையை உதறி மடிக்கும்போது வாய் ஒருமுறை திறந்து மூடும், அவ்வளவுதான்.

டீச்சர் அவருக்கு வைத்த தண்டனை வேறு. வண்டியே ஓட்டத் தெரியாதவன் வண்டியைப் பற்றிப் பேசக் கூடாது.

ஒரு காலை, தூறல் விட்டிருந்த நேரம். நீல வண்டியின் கூரைமேல் ‘பயிற்சி’ பலகை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும், பேரம் படிந்த மாட்டின் கயிற்றைப்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேரண்டி. பக்கத்தில், கழுத்தில் விசிலோடு டீச்சர். பின்சீட்டில் நர்ஸம்மா. இப்போது அவள் மூத்த மாணவி. அந்தக் கெத்து அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

“அங்கிள், தோளைத் தளர்த்துங்க,” என்றாள் வேண்டுமென்றே. “ஊசி போடப் போறதில்ல.”

“நான் உங்களைவிட சின்னவன்.”

“ஓட்டறதைப் பார்த்தா அப்படித் தெரியல.”

வண்டி உருண்டது. ஓட ஆரம்பித்ததும் கேரண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “டீச்சர், அவ்வளவு சூடு கண்டும் இந்த எஞ்சின் எப்படிப் போகுது பாரு. அந்தத் தறிக்கார மனுஷன் மட்டும் இன்னைக்கு இருந்தாருன்னா—”

எதிரே வெள்ளைக் கொரோலா ஒன்று, பின்சீட்டு நிறைய ரொட்டியோடு, நிதானமாக வந்தது. ரொட்டிக்காரர் கையை ஆட்டினார். கேரண்டி பதிலுக்கு ஆட்டினார். ஆட்டிய கை ஸ்டீயரிங்கில் இருந்த கை. நீல வண்டி சாலையோரத்துத் தபால் பெட்டியை நலம் விசாரிக்கப் போனது. டீச்சரின் கால் அவளுடைய மிதியில் அழுந்தியது. கிளட்சை மிதிக்க வேண்டிய கேரண்டி இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மூச்சை நிறுத்தியது.

“நின்னுடுச்சே!” என்றார் கேரண்டி.

பின்சீட்டில் நர்ஸம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கேரண்டி அந்த வார்த்தையை வாயிலேயே ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு, இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத ஒரு குரலில், “இல்ல,” என்றார். “அது நிக்கல. நான்தான் நிறுத்திட்டேன்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க வெளியே பார்த்தாள். வெள்ளை வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சூடான ரொட்டி வாசனை மட்டும் இன்னும் தெருவில் இருந்தது.

“சரி,” என்றாள். “முதல்லேர்ந்து. ஆஜர் எடுங்க.”

கேரண்டி தோளைத் தளர்த்தி, சாவியை ஒரு திருப்புத் திருப்பினார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“எண்ணெய்,” என்றார், “ஆஜர்.”